வேம்பு எதிரே உட்கார்ந்தாள்

பள்ளியக்ரகாரம் தாண்டி வெண்ணாற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரில் வேம்புவைத் தெரியாத ஆள் கிடையாது. தெரியாது என்று யாராவது சொன்னால் அவர் வெளியூர்க்காரர், இல்லையென்றால் சின்ன வயதிலேயே கான்வென்ட் வேனில் ஏற்றி அனுப்பப்பட்டவர். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் சத்துணவு சமைத்துச் சமைத்தே அறுபது வயதைத் தொட்டவள் வேம்பு. இன்றைக்கு ஜேசிபி ஓட்டுகிறவன், பேங்கில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவள், துபாயில் ஏசி மாட்டுகிறவன் எல்லாருமே ஒரு காலத்தில் அவள் முன்னால் தட்டை நீட்டி நின்றவர்கள்தான். கல்யாண வீட்டில் அவர்களில் யாராவது, "ஆயாம்மா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டால் போதும், இரண்டு நாளைக்கு அவளைக் கையில் பிடிக்க முடியாது.

சமையல் எப்படி இருந்தது என்று அவள் எந்தப் பிள்ளையையும் கேட்டதில்லை. எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும் நேரம் பார்த்துத் தட்டு கழுவும் குழாயடியில் போய் நின்றுகொள்வாள். காலித் தட்டு வந்தால் பிள்ளை சாப்பிட்டுவிட்டது. மிச்சம் வைத்த தட்டு வந்தால் காய்ச்சலா, வீட்டில் சண்டையா என்று பிடித்து வைத்து விசாரிப்பாள். ஒரு பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொள்ள அதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது அவளுடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

இன்னொரு பழக்கமும் உண்டு. சோறு போடுவாள், போட்டதும் திரும்பிக்கொள்வாள். சாப்பிடுகிறவர் வாயைப் பார்த்தால் கண் பட்டுவிடும் என்பது எல்லா வீட்டிலும் சொல்வதுதான். வேம்புவுக்கு அது இன்னும் ஆழத்தில் கிடந்தது. அவள் அம்மா நடவுக்குப் போனவள். மத்தியானம் வரப்பில் தூக்குச்சட்டியைத் திறக்கும்போது பண்ணை வீட்டு ஆள் யாராவது மேட்டில் நின்று பார்ப்பார்கள். என்ன குழம்பு, எவ்வளவு சோறு, எத்தனை நேரம் தின்கிறார்கள் என்று பார்ப்பார்கள். பெண்கள் எல்லாரும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு அவசர அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்திருப்பார்கள். அந்தப் பண்ணையும் போய்விட்டது, அந்த நிலத்தில் ஒரு பகுதியை இன்றைக்கு வேம்புவின் அண்ணன் மகனே சொந்தமாக வாங்கிச் சாகுபடி செய்கிறான். ஆனாலும் வேம்பு இன்று வரைக்கும் எல்லாரும் சாப்பிட்ட பிறகு, அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்துதான் சாப்பிடுவாள்.

அவளோடு ஒரு நாய் இருந்தது. பெயர் முட்டை. வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் செம்மண் நிறம். குட்டியாகச் சத்துணவுக் கூடத்து வாசலில் சுருண்டு கிடந்தபோது ஏதோ ஒரு வாண்டு அந்தப் பெயரை வைத்துவிட்டுப் போய்விட்டது. ஓய்வு பெற்ற அன்று சால்வையும் பழத்தட்டுமாக வேம்பு வீட்டுக்கு நடந்தபோது, முட்டை பின்னாலேயே வந்தது. தனக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ.

வேம்புவின் ஒரே மகள் இசைவாணி. அப்பா காத்தான் இறந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தவள், பிடிவாதமாகப் படித்து மனநல ஆலோசகர் ஆனாள். தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலையை ஒட்டி ஒரு சின்னக் கிளினிக்கில் வேலை. அங்கே வளர்கிற வயதுப் பிள்ளைகள் வருவார்கள், முக்கியமாகச் சாப்பாட்டோடு மல்லுக்கட்டுகிறவர்கள். சாப்பிட்டால் உடம்பு போட்டுவிடும் என்ற பயம் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கிற பிள்ளைகள். ஒரு சாதுவான நாய் பக்கத்தில் இருந்தால் அப்படிப்பட்டவர்களின் படபடப்பு அடங்கும், பேசாதவர்கள் கொஞ்சம் பேசுவார்கள் என்று இசைவாணி பெங்களூரில் பயிற்சி எடுத்தபோது பார்த்திருந்தாள். பெரிய டாக்டரிடம் சொன்னாள். அவர் லாப்ரடார் வாங்கலாமா என்றார். அதற்கு முன்னால் எங்கள் வீட்டு முட்டையை ஒருமுறை பாருங்கள் என்றாள் இசைவாணி.

நாய்களைச் சோதிக்கத் திருச்சியிலிருந்து ஒருவர் வந்தார். காதைப் பிடித்து இழுத்தார், வாலை மிதிப்பது போல் வந்தார், முதுகுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டார். லாப்ரடார்களே எழுந்து ஓடும் இடம் இது என்று சொன்னாராம். தட்டு விழுகிற சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த முட்டை, கண்ணைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தரையில் பிஸ்கட் போட்டார், தொடவில்லை. கையில் கொடுத்தார், பல் படாமல், சத்தம் வராமல் வாங்கிக்கொண்டது. பள்ளிக்கூடத்துப் பழக்கம். தடுப்பூசி, குளியல், கழுத்துப்பட்டை எல்லாம் முடிந்து முட்டை வேலைக்குச் சேர்ந்தது. அது வேம்பு இல்லாத இடத்தில் ஒரு நிமிடம் இருக்காது என்பதால் வேம்புவும் சேர்ந்தாள்.

முதல் நாளைக்கு முன்னால் மகள் அம்மாவை உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள்.

"யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டியான்னு கேக்கறியே, அதை அங்க கேக்கக் கூடாது."

"அப்பறம் என்னத்தைக் கேக்கறது?"

"ஒண்ணும் கேக்க வேணாம். வாம்மான்னு சொல்லு, போதும்."

"வந்த பிள்ளையைச் சாப்பிட்டியான்னுகூடக் கேக்காம உக்கார வெச்சா, நம்மளைப் பத்தி என்ன நினைக்கும்?"

"அப்பாடான்னு நினைக்கும்மா. இளைச்சிட்டே, தேறிட்டே, கன்னம் ஒட்டிப்போச்சு, அதெல்லாமும் கூடாது."

தஞ்சாவூர்ப் பக்கத்தில் இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மனிதர்கள் பேசுவதற்கு மழையும் மருமகளும்தான் மிச்சம். வேம்பு சரி என்று தலையாட்டினாள். ஆட்டினாளே தவிர, மனதுக்குள் அவளுக்கு ஒரு எரிச்சல் இருந்தது. பசியோடு படுத்த ராத்திரிகள் எத்தனையோ அவள் நினைவில் உண்டு. எதிரே சோறு இருக்க ஒரு பிள்ளை வேண்டாம் என்று தள்ளினால் அது அவளுக்குப் புரியவில்லை. வயிறு நிறைந்த வீட்டுப் பிள்ளைகளின் அடம் இது, வேறென்ன என்றுதான் நினைத்தாள். மகளிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை.

நாயின் பெயரும் ஒரு சிக்கல். சாப்பாட்டுப் பேச்சே கூடாத அறைக்குள் முட்டை என்று எப்படிக் கூப்பிடுவது? ராஜா என்று மாற்றிப் பார்த்தார்கள். யாரோ ராஜா வந்திருக்கிறார் போல என்று முட்டையும் வாசலைத் திரும்பிப் பார்த்தது. அந்த முயற்சியை அதோடு விட்டுவிட்டார்கள்.

தமிழ்நிலா அங்கே வந்தது ஆடி மாதத்தில். ஒரத்தநாட்டுப் பக்கம், வயலும் வீடுமாக வசதியான குடும்பம். அப்பா சிங்கப்பூரில். அம்மா கலைமகள் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். பதினாறு வயதுப் பெண், அந்த வெக்கையிலும் போர்வை மாதிரி ஒரு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கையும் காலும் சில்லிட்டுக் கிடந்தன. உறவுக்காரக் கல்யாணத்தில் போட்டோவைப் பார்த்து யாரோ பூசினாற்போல் இருக்கிறாள் என்று சொல்லிச் சிரித்ததில் ஆரம்பித்தது என்று கலைமகள் சொன்னாள். காரணம் அது ஒன்று மட்டும் இருக்காது என்றாள் இசைவாணி. எப்படி ஆரம்பித்ததோ, இப்போது நாடித்துடிப்பு குறைந்துகொண்டே போகிறது என்பதுதான் டாக்டரின் கவலை.

முட்டை எழுந்து போய் அந்தப் பெண்ணின் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. அவள் வெகுநேரம் அசையவில்லை. பிறகு மெதுவாகக் குனிந்து செம்மண் நிறக் காதைத் தொட்டாள்.

"இவன் பேரு என்ன?"

"முட்டை" என்று சொல்லிவிட்டு வேம்பு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நிலா சிரித்துவிட்டாள். பக்கத்து அறையிலிருந்து கலைமகள் ஓடி வந்தாள். மகள் சிரித்துக் கேட்டு அவளுக்கு அவ்வளவு நாளாகியிருந்தது.

அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் நிலா வந்தாள். வேம்புவை வேம்பும்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். பேச்சு சரளமானது. வீட்டில் ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் போர்க்களமாக இருந்ததால், அந்த இரண்டு நாளும் மத்தியானச் சாப்பாட்டை நிலா கிளினிக்கிலேயே, முட்டையும் வேம்புவும் பக்கத்தில் இருக்கச் சாப்பிடட்டும் என்று இசைவாணி ஏற்பாடு செய்தாள். அந்த நேரத்தில் அவள் அடுத்த அறையில் கலைமகளோடு பேசிக்கொண்டிருப்பாள்.

"அவ டப்பாவைத் திறந்ததும் நீயும் உன் டப்பாவைத் திறந்து கூடவே சாப்பிடும்மா. முறைச்சுப் பார்க்காதே, ஆனா பக்கத்துலயே இரு. முட்டைக்கு அந்த ரூம்ல யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது."

இவ்வளவு சொன்னதில் வேம்புவின் காதில் ஏறியது ஒன்றே ஒன்றுதான். பார்க்காதே. அதைத்தானே அவள் வாழ்நாள் முழுக்கச் செய்து வந்திருக்கிறாள்? நிலா டப்பாவைத் திறந்ததும் வேம்பு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். தன் டப்பாவைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம், நமக்கென்ன அவசரம் என்று இருந்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மொட்டைமாடித் துணிகளைப் பார்த்தபடி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்த சேட்டைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். முதுகுக்குப் பின்னால் நிலா கேட்டுச் சிரிப்பாள். யாரிடமும் சொல்லாததை எல்லாம் அந்த முதுகிடம் சொன்னாள். வீட்டில் கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்திருப்பதை, சித்தி பிள்ளைகளுக்கு விதவிதமாகக் கேக் செய்து கொடுத்துவிட்டுத் தான் ஒரு துண்டுகூடத் தொடாமல் இருப்பதை, இரவில் நெஞ்சு விட்டுவிட்டு அடிப்பது போல் இருப்பதை. வேம்புவுக்கு அந்தப் பெண்ணின் மேல் பாசம் வந்துவிட்டது. பெற்ற மகள்கூட அவளிடம் இப்படி உட்கார்ந்து பேசியதில்லை.

முடிந்ததும் டப்பா காலியாக இருக்கும். வேம்பு அதை வாங்கிக் கழுவி வைப்பாள். "காலி பண்ணிட்டா" என்று மகளிடம் சொல்லும்போது, சும்மா சொல்லக் கூடாது, குரலில் ஒரு மிதப்பு இருக்கும். கலைமகள் ஒருநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினாள். "எங்கிட்டதான் சாப்பிட மாட்டேங்கறா. உங்ககிட்டயாவது சாப்பிடறாளே, அது போதுங்க."

ஆனால் எடை ஏறவில்லை. இறங்கியது. பெரிய டாக்டர் தைராய்டு பார்த்தார், வேறு என்னென்னவோ ரத்தப் பரிசோதனை பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. கார்த்திகை பிறப்பதற்குள் இதே மாதிரி இன்னும் இறங்கினால் திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார். அதற்கு மேல் அவள் இதயம் தாங்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அதே மாதங்களில் முட்டை நன்றாகத் தேறியது. கழுத்துப்பட்டையில் அடுத்த ஓட்டைக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஊரில் எல்லாரும், தஞ்சாவூர் வேலை நாய்க்கு ஒத்துக்கொண்டது போல என்று கேலி செய்தார்கள். மனசு சந்தோஷமாக இருந்தால் உடம்பு தேறத்தான் செய்யும் என்று வேம்பு அவர்களுக்குப் பெருமையாகப் பதில் சொன்னாள். அறுபது வயதுக்காரிக்கு, அதுவும் ஊருக்கே சோறு போட்டவளுக்கு, இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை பாருங்கள்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. மத்தியானத்தில் வானம் இருட்டிப்போய் அறையில் விளக்கைப் போட வேண்டியிருந்தது. நிலா டப்பாவைத் திறந்தாள், வேம்பு ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே மொட்டைமாடி தெரியவில்லை. இருட்டின கண்ணாடியில் அறைதான் தெரிந்தது. விளக்கு, மேசை, நிலா.

நிலாவின் கை டப்பாவிலிருந்து சோற்றை உருட்டி எடுத்தது. வாய்க்குப் போகவில்லை. மேசைக்கு அடியில் போனது. அங்கே முட்டை பல் படாமல், சத்தம் வராமல் வாங்கிக்கொண்டது. இன்னொரு உருண்டை. இன்னொன்று. வேம்பு சொல்லிக்கொண்டிருந்த கதை பாதியில் நின்றது.

"அப்பறம் என்னாச்சு வேம்பும்மா?" என்றாள் நிலா.

"அப்பறம்... ஹெச்.எம். வந்துட்டாரு" என்று எதையோ சொல்லிச் சமாளித்தாள் வேம்பு. திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை. கண்ணாடியில் நிலாவின் முகத்தையே பார்த்தாள். நாய் வாங்கிச் சாப்பிடுவதைக் குனிந்து பார்க்கிற அந்த முகத்தில் அப்படி ஒரு திருப்தி, அப்படி ஒரு பிரியம். அந்த முகம் வேம்புவுக்கு நன்றாகத் தெரியும். குழாயடியில் காலித் தட்டுகளைப் பார்த்து நிற்கும்போது தன் முகம் அப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்குப் பட்டது.

காலி டப்பாவை அன்றும் கழுவி வைத்தாள். அன்று மட்டும் மகளிடம் எதுவும் சொல்லவில்லை. ஸ்கூட்டியில் முட்டையைக் காலடியில் நிறுத்திக்கொண்டு ஓட்டிய இசைவாணிக்குப் பின்னால், மழைக்கோட்டுக்குள் குறுகி உட்கார்ந்துகொண்டு வீடு வரைக்கும் யோசித்தாள். சொன்னால் நிலா இனி தன்னிடம் வாய் திறக்க மாட்டாள். முட்டையையும் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பெண் சிரிக்கிற ஒரே இடம் அது. சொல்லாவிட்டால்? நெஞ்சு விட்டுவிட்டு அடிக்கிறது என்று நிலா சொன்னது காதிலேயே நின்றது.

வீட்டில் இசைவாணி பழைய துண்டால் முட்டையின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "இன்னைக்கும் டப்பா காலிதானேம்மா?"

"காலிதான். ஆனா அவ சாப்பிடலை. இவன் சாப்பிட்டான்."

இசைவாணியின் கை நின்றது. "நீ எங்க உக்காந்திருந்தே?"

"ஜன்னல் பக்கமா திரும்பி."

"இன்னைக்கு மட்டுமா?"

"எப்பவுமே அப்படித்தான்."

"நீ அவகூடச் சாப்பிட்டியா?"

"வீட்டுக்கு வந்துதான் சாப்பிட்டேன்."

இசைவாணி கோபப்படுவாள் என்று வேம்பு காத்திருந்தாள். அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உன்னை அங்க உக்கார வெச்சது என் தப்பும்மா. கூட உக்காந்து சாப்பிடுன்னு நான்பாட்டுக்குச் சொல்லிட்டேன். உனக்கு அது தெரியாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"சாப்பிடத் தெரியாதா எனக்கு?"

"நீ சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லைம்மா. எனக்குப் போட்டுட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்குவே. சின்னதுல நான் நினைச்சிருக்கேன், எங்கம்மாவுக்குப் பசியே எடுக்காதுன்னு."

முட்டை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. தன்னால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அதற்கும் தெரிந்திருக்க வேண்டும், போய் மூலையில் படுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை நிலா வந்ததும், நீ பார்த்ததை நீயே அவளிடம் சொல்லம்மா என்றாள் இசைவாணி. அவளும் கூடவே உட்கார்ந்தாள். வேம்பு சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. கண்ணாடியில் பார்த்ததையும், மகளிடம் சொல்லிவிட்டதையும் சொன்னாள். நிலா தலை நிமிராமல் முட்டையின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"முட்டைக்கு உடம்புக்கு ஏதாவது ஆயிடுமா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"ஆவாது பாப்பா. மாட்டு டாக்டர்கிட்ட காட்டிட்டேன். நல்லா இருக்கான்."

"உங்களை எனக்கு ஏன் பிடிக்கும் தெரியுமா? எல்லாரும் என் வாயையேதான் பார்ப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் பார்க்காம இருந்தீங்க." நிலாவின் குரல் உடைந்தது. "இப்ப நீங்களும் பார்த்துட்டீங்க."

எழுந்து போய்விட்டாள். வேம்பு அன்று அழுதாள். ஊரார் முன்னால் அழுகிறவள் இல்லை அவள், ஆனால் அன்று கிளினிக் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

பெரிய டாக்டர் உடனே திருச்சிக்கு எழுதத்தான் நினைத்தார். இசைவாணி கார்த்திகை வரைக்கும் அவகாசம் கேட்டாள். வீட்டில் எல்லா வேளையும் கலைமகள் பக்கத்திலிருந்து சாப்பிட வைக்க வேண்டும், கிளினிக்கில் வேம்பு எதிரே உட்கார்ந்து கூடவே சாப்பிட வேண்டும், டப்பாவை மூடும் வரை முட்டை கதவுக்கு வெளியே. இது தொடர்ந்து தவறினால் திருச்சிதான். நிலா இனி வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அடுத்த செவ்வாயன்று வேம்பு இரண்டு நாற்காலிகளையும் எதிரெதிரே போட்டுவிட்டு, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நிலா வந்தாள். முட்டையைப் பார்க்க வந்தேன் என்றாள். சாப்பிட்ட பிறகுதான் பார்க்க முடியும் என்று இசைவாணி சொன்னதும் நேராக உள்ளே போய் உட்கார்ந்தாள். கதவு சாத்தப்பட்டது.

நிலா தன் டப்பாவைத் திறந்தாள். பருப்புசாதம், நெய், உருளைக்கிழங்கு வறுவல். வேம்பு தன்னுடையதைத் திறந்தாள். புளிசாதமும் தேங்காய்த் துவையலும். நிலா தன் டப்பாவைப் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வேம்புவையே பார்த்தாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள் அல்லவா, இப்போது நான் பார்க்கிறேன் என்பது போல.

வேம்பு ஒரு கவளம் எடுத்தாள். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றுவிட்டது.

அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பசி இருக்கிறது, சோறு இருக்கிறது, கை வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வாய் திறக்க மறுத்தது. எவ்வளவு பெரிய கவளம் எடுக்கிறாள், எப்படி மெல்கிறாள், இத்தனையும் தின்றுவிடுவாளா என்று எதிரே இருக்கிற கண்கள் நினைக்கும் என்று தோன்றியது. நினைக்கவில்லை என்று தெரிந்தும் தோன்றியது. கவளத்தை மறுபடியும் டப்பாவிலேயே வைத்தாள். முகம் வேர்த்துவிட்டது.

"ஏன் வேம்பும்மா, சாப்பிடலையா?" என்றாள் நிலா.

"முடியலை பாப்பா."

"ஏன்?"

"நீ பார்க்கறியே. தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது. யார் முன்னாலயும் சாப்பிட்டுப் பழக்கமில்லை எனக்கு. பொய் சொல்லலை, பயமா இருக்கு."

நிலா கட்டியிருந்த கையை எடுத்தாள். சிரிப்பாள் என்று வேம்பு நினைத்தாள். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றாள். "எனக்கு யாரும் இல்லாதப்பக்கூட யாரோ பார்க்கற மாதிரியே இருக்கும்."

வேம்பு அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதமாக அடம் என்று நினைத்தோமே என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது. தனக்கு ஒரு வேளை, ஒரு கவளத்துக்கு வந்த இந்தப் பயம் இந்தக் குழந்தைக்கு மூன்று வேளையும் வருகிறது. அதோடுதான் அவள் பள்ளிக்கூடம் போகிறாள், சிரிக்கிறாள், நாய்க்கு ஊட்டுகிறாள்.

திருச்சிக்குப் போக வேண்டி வரவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடலாம். கார்த்திகைப் பரிசோதனையில் எடை நூலிழையில் தப்பியது, தை மாதத்தில் கொஞ்சம் ஏறியது, மாசியில் மறுபடியும் இறங்கி எல்லார் உயிரையும் வாங்கியது. நிலா இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறாள். இந்த மாதிரி நோய் ஒரு நாளில் போய்விடாது என்று இசைவாணி சொல்வாள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அறைக்குள் இருந்த இருவருக்கும் இது எதுவும் தெரியாது. எதிரெதிரே இரண்டு டப்பாக்கள் திறந்து கிடந்தன, இரண்டிலும் சோறு ஆறிக்கொண்டிருந்தது, இரண்டு பேருக்கும் பயமாக இருந்தது.

"சேர்ந்து போட்டுக்குவமா?" என்றாள் வேம்பு. "நீ சின்னதா எடு. நானும் சின்னதா எடுக்கறேன்."

நிலா வெகுநேரம் டப்பாவைப் பார்த்தாள். பிறகு எடுத்தாள். சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். வேம்புவும் அதே அளவு எடுத்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி வாயில் போட்டுக்கொண்டார்கள். நிலா மென்றுகொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவில்லை. விழுங்கினாள். வேம்புவுக்கு எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணை விலக்கவில்லை.

இன்னும் இரண்டு வாய் அப்படியே போனது. நான்காவதற்கு நிலா கையை எடுக்கவில்லை. முடியாது என்று சொல்லப் போகிறாள் என்று வேம்பு நினைத்தாள். நிலா மேசையின் மேல் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, வேம்புவின் டப்பாவைக் காட்டினாள்.

"துவையலை நீங்க தொடவே இல்லையே. அதோட ஒரு வாய் சாப்பிடுங்க. நீங்க சாப்பிட்டா நான் இன்னொண்ணு சாப்பிடறேன்."

சொல்லிவிட்டு அவள் காத்திருந்தாள். எலும்பு துருத்திய கன்னத்தில் கண்ணீர் காயாமல், ஒரு வாய் சாப்பிடுங்களேன் என்ற முகத்தோடு காத்திருந்தாள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்டவள் வேம்பு. அவள் சாப்பிட வேண்டும் என்று இதுவரை யாரும் எதிரே உட்கார்ந்து காத்திருந்ததில்லை. அவளுக்குக் கண் நிறைந்தது. முதுகைக் காட்டாமல், அப்படியே உட்கார்ந்தபடி, துவையலைத் தொட்டு ஒரு வாய் எடுத்தாள்.